தோள்பட்டை வலியும் அதைப் பத்தி நாம நம்புறதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோ. வாரத்துல பாதி நாள் கடலூர், மீதி நாள் பாண்டி. தோள்பட்டை வலின்னு வர்றவங்க கேக்குற கேள்வியில முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். எக்சர்சைஸ் லிஸ்ட் இதுல கிடையாது, அது ஆளுக்கு ஆள் மாறும், கையப் பாக்காம சொல்லக் கூடாது. வலியப் பத்தி நாம என்ன நம்புறோம், அந்த நம்பிக்கை நம்ம கைய என்ன பாடு படுத்துதுங்கிறதுதான் இங்க விஷயம்.

வலிக்கிறது தோள்ல. நான் என்ன நினைக்கிறேங்கிறதுக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?

நிறையவே இருக்கு. ஒரே வயசு, ஒரே அளவு வலி, ஒரே மாதிரி ரிப்போர்ட் இருக்கிற ரெண்டு பேர எடுத்துக்கோங்க. ஒருத்தர் "உள்ள ஏதோ அறுந்து கெடக்கு, அசைச்சா இன்னும் அறுந்துடும்"னு நம்புறார். அவர் சட்டை போடும்போது அந்தக் கைய ஒடம்போட ஒட்டி வச்சுக்குவார், மேல் அலமாரி பக்கமே போக மாட்டார், ராத்திரி அந்தப் பக்கம் திரும்பப் பயந்து மல்லாக்கவே படுத்து தூக்கத்தக் கெடுத்துக்குவார், கழுத்துத் தசை எந்நேரமும் விறைச்சே இருக்கும், ரெண்டு மூணு மாசத்துல தோளச் சுத்தி இருக்கிற தசை இளைச்சுப் போவும், அப்புறம் ஒரு வாளித் தண்ணி தூக்கினாக்கூட வலிக்கும், வலிச்ச உடனே "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்"னு அவர் நம்பினது அவருக்கே உறுதியாயிடும். இன்னொருத்தர் "வலிக்குதுதான், ஆனா இது அடங்கும், அதுவரைக்கும் முடிஞ்சத செய்வோம்"னு நினைக்கிறார். கொஞ்சம் வலியோடயே துணி காயப்போடுறார், வண்டி ஓட்டுறார், தசை அதுபாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரையும் பாத்தா ரெண்டும் ஒரே வியாதின்னு சொல்லவே முடியாது.

முதல் ஆள் மாட்டிக்கிட்ட இந்த சுத்தல "பயம்-தவிர்ப்பு"ன்னு ஒரு மாடலா 1983லயே எழுதி வச்சிருக்காங்க, 2000ல ஃப்ளாயன், லின்டன்னு ரெண்டு பேர் விரிவா எழுதினப்புறம் உலகம் பூரா பரவிடுச்சு. முதுகு வலிய வச்சுதான் இதப் பத்தி அதிகமா ஆராய்ச்சி நடந்துச்சு, ஆனா தோள்லயும் இதே கதைதான் ஓடுது.

அப்போ என் வலி மனசுலதான் இருக்கு, நான் நடிக்கிறேன்னு சொல்ல வர்றீங்களா?

கிடையவே கிடையாது. இந்தக் கேள்விய கோவத்தோட கேக்குறவங்கதான் அதிகம், அந்தக் கோவம் நியாயமும்கூட, ஏன்னா வீட்ல ஏற்கனவே யாரோ "உனக்கு வேலை செய்ய வலிக்குது"ன்னு சொல்லியிருப்பாங்க.

வலி பத்தின சர்வதேச சங்கம் 2020ல வலிக்கான விளக்கத்தத் திருத்தி எழுதினாங்க. ஒடம்புல சேதம் இருந்தாலும் வலிதான், சேதம் ஆகப் போற நிலைமையா இருந்தாலும் வலிதான், அது மாதிரியே உணர்ந்தாலும் வலிதான், இதுல ஒடம்போட உணர்வும் மனசோட உணர்வும் சேந்தே இருக்குன்னு வருது. ஒருத்தர் எனக்கு வலிக்குதுன்னு சொன்னா அத மதிக்கணும்னும் கூடவே எழுதி வச்சிருக்காங்க. நான் சொல்றதும் இதுதான், வலி நூத்துக்கு நூறு நெசம். அது எவ்ளோ சத்தமா கேக்குதுங்கிறத முடிவு பண்றதுல தூக்கம், பயம், வேலை டென்ஷன், டாக்டர் சொன்ன வார்த்தை, முன்னாடி பட்ட அடி எல்லாத்துக்கும் பங்கு இருக்கு, தோள் ஜவ்வுக்கு, அதாவது தசைய எலும்போட இணைக்கிற நாருக்கு, மட்டும் மொத்தப் பொறுப்பையும் குடுக்க முடியாது.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ல ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு. கிழிஞ்சத எக்சர்சைஸ் பண்ணி எப்படி ஒட்ட வைப்பீங்க?

ஒட்ட வைக்க மாட்டேன். ஒட்டாமலே வலி போகும், அதுதான் நிறைய பேருக்கு நம்ப முடியாத விஷயமா இருக்கு.

1995ல ஷெர்ன்னு ஒரு டாக்டரும் அவர் குழுவும், தோள்ல எந்த வலியும் இல்லாத 96 பேர கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. 34 சதவீதம் பேருக்கு ஜவ்வுல கிழிசல் இருந்துச்சு, 60 வயசத் தாண்டினவங்கள மட்டும் பாத்தா 54 சதவீதம். திரும்பவும் சொல்றேன், வலி இல்லாதவங்க. 2011ல இன்னொரு குழு 40ல இருந்து 70 வயசுக்குள்ள வலியே இல்லாத 51 ஆம்பளைங்களுக்கு தோள்ல அல்ட்ராசவுண்ட் பண்ணினாங்க, 96 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு தெரிஞ்சுது. அப்போ ஐம்பது வயசுல ஸ்கேன் எடுத்தா ஏதாவது ஒண்ணு வரத்தான் செய்யும். கடல் காத்து அடிக்கிற வீட்ல ஜன்னல் கம்பி துருப் பிடிக்கும், அதுக்காக வீடு இடியப் போவுதுன்னு யாரும் காலி பண்ணிட்டுப் போறதில்ல.

கூத்து என்னன்னா வலி இல்லாத தோளயும் சேத்து ஸ்கேன் எடுக்கச் சொல்ற பழக்கம் நம்ம பக்கம் கிடையாது, எடுத்திருந்தா நிறைய பேருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ரிப்போர்ட் வந்திருக்கும், பயமும் பாதியா கொறைஞ்சிருக்கும். அந்தக் கவரப் பிரிச்சுப் படிக்கிறதும் நோயாளி தனியா பஸ்ல உக்காந்துதான் படிக்கிறார், புரியாத வார்த்தைய ஃபோன்ல தேடுறார், மஞ்சக்குப்பம் ஸ்டாப் வர்றதுக்குள்ள ஆபரேஷன் வரைக்கும் மனசு போயிடுது. ஆஸ்திரேலியாவுல 2021ல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, ஒரே தோள் வலிக்கு வேற வேற பேர் சொல்லி என்ன வைத்தியம் வேணும்னு கேட்டாங்க, ஜவ்வு கிழிசல்னு சொல்லப்பட்டவங்க, தோள் மூட்டுல உரசலக் கொறைக்கிற சின்ன நீர்ப்பை வீங்கியிருக்குன்னு சொல்லப்பட்டவங்கள விட ஆபரேஷன் தேவைன்னு அதிகமா நினைச்சாங்க. வலிக்கு வச்ச பேர் மாறினதும் கேக்குற வைத்தியமே மாறிப் போச்சு.

ஒண்ணு மட்டும் கவனம். கீழ விழுந்தோ, வண்டியில அடிபட்டோ, அந்த நாள்ல இருந்து கை தூக்கவே வரலன்னா அது வேற கதை. அங்க ஸ்கேன் முக்கியம், சீக்கிரம் ஆர்த்தோ டாக்டரப் பாக்கணும், சில பேருக்கு ஆபரேஷன்தான் சரி, அதத் தள்ளிப் போடக் கூடாது.

தேய்மானம்னு சொல்லிட்டாங்க. இனிமே கைய அளவாத்தான் பயன்படுத்தணுமா?

"தேஞ்சுபோச்சு, மிச்சம் இருக்கிறத பத்திரமா வச்சுக்கோ" இதக் கேட்டுட்டு வந்தவங்க கைய பேங்க் லாக்கர்ல வச்ச மாதிரி வச்சுக்குறாங்க. தசையும் ஜவ்வும் வேலை குடுத்தாத்தான் பலமாவும், வேலை குடுக்கலன்னா இளைக்கும், இது இருபது வயசுக்கும் எழுபது வயசுக்கும் பொது. வேகம்தான் வேற.

பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கிற அக்கா ஒருத்தங்க வந்தாங்க. நாள் பூரா கைதான் மூலதனம், அந்த வேலையக்கூட பல்லக் கடிச்சுட்டு செஞ்சாங்க, ஆனா வீட்ல தலைக்கு மேல கைய கொண்டு போறத சுத்தமா நிறுத்திட்டாங்க, தலை பின்னி விடுறது பொண்ணு, துணி காயப்போடுறது வீட்டுக்காரர், ஏன்னா "மேல தூக்கினா மிச்ச ஜவ்வும் போயிடும்"னு யாரோ சொல்லிட்டாங்க. நான் பெருசா லெக்சர் எதுவும் குடுக்கல. துணிக்கொடிய கழட்டி நெஞ்சு ஒசரத்துல கட்டுங்க, அதுல நீங்களே காயப்போடுங்க, ஒரு வாரம் போனப்புறம் ஒரு சாண் ஏத்திக் கட்டுங்கன்னு சொன்னேன். கொடி பழைய எடத்துக்குப் போறப்போ அவங்க பயமும் பாதி போயிருந்துச்சு. வலி முழுசா போகலதான், "அறுந்துடும்"ங்கிறது போயிடுச்சு, அப்புறம் வலியும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிச்சு. எனக்குத் தெரிஞ்சு பெரும்பாலும் இந்த வரிசையிலதான் நடக்குது, முதல்ல பயம் கொறையும், அடுத்து வேலை கூடும், வலி கடைசியாத்தான் கொறையும். வலி முதல்ல போகட்டும் அப்புறம் வேலை செய்றேன்னு ஒக்காந்திருக்கிறவங்க ரொம்ப நாள் ஒக்காந்திருக்காங்க.

செய்யும்போது வலிச்சா நிறுத்தணுமா, பொறுத்துக்கணுமா?

பத்துக்கு எத்தனை மார்க் வலின்னு நீங்களே போடுங்க. நாலு, அஞ்சு வரைக்கும் பரவால்ல, செஞ்சு முடிச்சதும் மெல்ல அடங்கி, மறுநாள் காலைல பழைய அளவுக்கு வந்துட்டா சரியான அளவுலதான் செய்றீங்க. மறுநாளும் ஏறியே இருந்தா எடையையோ எண்ணிக்கையையோ கொறைங்க, ஒரேயடியா விட்டுடாதீங்க. பிசியோங்க பொதுவா வச்சிருக்கிற கணக்கு இது. வலிச்சா சேதம்தான்னு நினைக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப உதவும், ஏன்னா நேத்து வலிச்சதும் இன்னைக்கு அடங்கினதும் அவங்க கண் முன்னாடியே தெரியுது.

எங்க ஆயா இது வாயுப் பிடிப்புன்னு சொல்றாங்க. உருளைக்கெழங்கு, வாழக்காய் எல்லாம் நிறுத்திட்டேன்.

ஆயா சொன்ன உப்பு ஒத்தடம், நொச்சி எல ஒத்தடம், தைலம் தடவி விடுறது எதையும் நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். சூடு பட்டா தசை இளகும், ஒருத்தர் அன்பா தேச்சு விட்டா வலி தணியும், தப்பே இல்ல. முடக்கத்தான் தோசையும் சாப்பிடுங்க, நல்லாத்தான் இருக்கும். உருளைக்கெழங்குக்கும் தோள்பட்டைக்கும் எனக்குத் தெரிஞ்சு எந்தத் தகராறும் இல்ல.

சொல்லப்போனா வாயுங்கிற நம்பிக்கையில ஒரு நல்லதும் இருக்கு, அது வந்துட்டுப் போயிடும்ங்கிற எண்ணம் அதுக்குள்ளயே இருக்கு, "கிழிஞ்சுபோச்சு"ல அது இல்ல. வாயுன்னு நம்புற ஆயா சாயங்காலம் ஒத்தடம் குடுத்துட்டு மறுநாள் காலைல வாசல் தெளிச்சு கோலம் போடும், கிழிசல்னு ரிப்போர்ட் வாங்கின பேரன் மூணு மாசம் கைய மடியில வச்சிட்டிருப்பான்.

ஆனா வாயுன்னு சொல்லி உயிரையே விட்டவங்களும் இருக்காங்க. இடது தோள், கை, தாடை பக்கம் வலி, கூடவே நெஞ்சுல பாரம், வேர்த்துக் கொட்டுறது, மூச்சு வாங்குறது, வாந்தி வர்ற மாதிரி இருக்கிறது, இதெல்லாம் சோடா குடிச்சு ஏப்பம் விட்டு பாக்குற விஷயம் கிடையாது, 108க்கு ஃபோன் பண்ணுங்க. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு நெஞ்சு வலி சரியா தெரியாமலே மாரடைப்பு வரலாம், அதனால கூடுதல் கவனம். இது தவிர தோள் மூட்டு சிவந்து வீங்கி காய்ச்சல் வர்றது, அடிபட்டு தோளோட வடிவமே மாறிப் போறது, காரணமே இல்லாம எடை கொறையுறது, முன்னாடி கேன்சர் வந்தவங்களுக்கு ராத்திரி பகல் விடாம வலிக்கிறது, கை மரத்துப் போயி பிடி நழுவுறது, இதுல எது இருந்தாலும் பிசியோகிட்ட வர வேணாம், நேரா டாக்டர்.

சுளுக்கு வழிக்கிறது, கட்டு போடுறது பத்தி என்ன சொல்றீங்க?

லேசா எண்ண போட்டு வழிக்கிறதுல பெரிய ஆபத்து இல்ல. வேகமா திருகி, முறுக்கி "சத்தம் வந்துச்சா, எறங்கிடுச்சு"ன்னு சொல்றது வேணாம், முக்கியமா வயசானவங்களுக்கு, எலும்பு பலமில்லாதவங்களுக்கு வேணாம். புத்தூர் கட்டு போர்டு நம்ம ரோட்ல எல்லா ஊர்லயும் இருக்கு, அடிபட்டிருந்தா முதல்ல எக்ஸ்ரே, அப்புறம்தான் மத்ததெல்லாம். எலும்பு முறிவு இல்லாத சாதாரண தோள் வலிக்கு கைய மடக்கி வாரக்கணக்குல கட்டி வச்சா மூட்டு இறுகிப்போயிடும். கட்ட அவுக்குறப்போ பழைய வலி போயிருக்கும், கை தூக்க வராது, ஒண்ணுக்கு ரெண்டா வைத்தியம் பண்ணணும்.

கட்டுல இன்னொரு பிரச்சனையும் இருக்கு. கட்டு போட்டவர வீட்ல எல்லாரும் அடிபட்டவராவே பாக்குறாங்க, அவரும் தன்ன அப்படியே நினைச்சுக்குறார்.

சர்க்கரை இருக்கு. கை பின்னாடி போகல, ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியல. இதுவும் நம்பிக்கைதானா?

இல்ல, இது பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டச் சுத்தி இருக்கிற உறை நெஜமாவே வீங்கி, தடிச்சு, இறுகிப் போயிருக்கும், நீங்க என்ன நினைச்சாலும் நினைக்காட்டியும் அது இறுகும். 40ல இருந்து 60 வயசுக்குள்ள அதிகம், சர்க்கரை இருக்கிறவங்களுக்கு மத்தவங்கள விட ரொம்ப அதிகம். இன்னொருத்தர் கைய பிடிச்சுத் தூக்கினாலும் மேல போகாது, அதுதான் அடையாளம். முதல்ல வலி கடுமையா இருக்கும், அப்புறம் வலி கொறைஞ்சு இறுக்கம் மட்டும் நிக்கும், அப்புறம் மெல்ல இளகும், மொத்தமா ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும்கூட இழுக்கலாம். ஆரம்ப வலிக்கு ஸ்டீராய்டு ஊசி நல்லா கேக்கும், ஆனா ஊசி போட்ட கொஞ்ச நாளைக்கு சர்க்கரை ஏறும், அத டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிக்கோங்க.

2020ல இங்கிலாந்துல 503 பேர வச்சு பண்ணின ஒரு பெரிய ஆய்வுல ஊசியோட சேந்த பிசியோ, மயக்கம் குடுத்து கைய அசைச்சு விடுறது, சின்ன ஓட்டை போட்டு பண்ற கீஹோல் ஆபரேஷன் மூணையும் பாத்தாங்க, எதுவுமே மத்தத விட பெருசா ஒசத்தின்னு சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல.

நம்பிக்கை எங்க உள்ள வருதுன்னா, கை தூக்க முடியாம போனதும் பாதி பேர் இது பக்கவாதத்தோட ஆரம்பம்னு பயந்துபோயிடுறாங்க, யார்கிட்டயும் சொல்லவும் மாட்டாங்க. இது இன்ன வியாதி, இப்படிப் போகும், கை விழுந்துடாதுன்னு சொன்னதுமே சில பேர் அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்குறாங்க. கை அன்னைக்கும் மேல போகாதுதான்.

ஆபரேஷன் பண்ணினாத்தான் முழுசா சரியாகும்னு தோணுது. தப்பா?

அந்த எண்ணம் உங்களுக்கு சும்மா வரல, டாக்டருங்களே ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினாங்க. 1972ல சார்லஸ் நீர்ங்கிற அமெரிக்க டாக்டர், தோள் மேல இருக்கிற எலும்பு முனை ஜவ்வ உரசுறதாலதான் வலி, அதச் செதுக்கி விட்டா சரியாகும்னு எழுதினார், அதுக்கப்புறம் லட்சக்கணக்கான பேருக்கு அந்த ஆபரேஷன் நடந்துச்சு, நெறைய பேருக்கு நல்லாவும் ஆச்சு. எதனால நல்லாச்சுன்னு பாக்க இங்கிலாந்துல 313 பேர மூணு பிரிவா பிரிச்சாங்க, ஒரு பிரிவுக்கு எலும்ப செதுக்கினாங்க, இன்னொரு பிரிவுக்கு உள்ள கேமரா விட்டுப் பாத்துட்டு எதையும் செதுக்காம தையல் போட்டாங்க, மூணாவது பிரிவுக்கு எதுவுமே பண்ணல. 2018ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு, செதுக்கினவங்களுக்கும் செதுக்காதவங்களுக்கும் வித்தியாசம் இல்ல, ஒண்ணும் பண்ணாதவங்கள விட ரெண்டு பேரும் கொஞ்சூண்டு மேல, அதுவும் நோயாளிக்கு பெருசா தெரியிற அளவு இல்ல. அதே வருஷம் ஃபின்லாந்து ஆய்வும் இதே பக்கம்தான் சாஞ்சுது. 2019ல பி.எம்.ஜே. பத்திரிகையில வழிகாட்டுதல் போட்டப்போ, இந்த மாதிரி வலிக்கு இந்த ஆபரேஷன் வேணாம்னு அழுத்தியே சொல்லிட்டாங்க.

எனக்கு இதவிட சுவாரசியமா படுறது அமெரிக்காவுல நடந்த இன்னொண்ணு. அடிபடாமலே ஜவ்வு முழுசா கிழிஞ்ச 452 பேருக்கு பிசியோ குடுத்துப் பாத்தாங்க. ரெண்டு வருஷத்துல கால்வாசிக்கும் கம்மியான பேர்தான் ஆபரேஷனுக்குப் போனாங்க. யார் போனாங்கன்னு அலசினப்போ கிழிசல் எவ்ளோ பெருசுங்கிறது பெருசா பேசல, "பிசியோவால எனக்கு சரியாகாது"ன்னு ஆரம்பத்துலயே நினைச்சவங்களான்னு பாக்குறதுதான் எல்லாத்தவிடவும் நல்லா காட்டிக் குடுத்துச்சு.

சரி, அப்போ நம்பிக்கையா இருந்தா போதுமா? கண்ணாடியப் பாத்து நல்லா இருக்கேன்னு சொல்லிக்கணுமா?

அதெல்லாம் வேணாம், எனக்கே சிரிப்பு வரும்.

இங்கிலாந்துல தோள் வலிக்கு பிசியோவுக்கு வந்த 1030 பேர்கிட்ட வயசு, வேலை, வலி அளவு, கை எவ்ளோ தூக்குதுன்னு 70க்கும் மேல விஷயங்கள எழுதி வாங்கிட்டு ஆறு மாசம் கழிச்சுப் பாத்தாங்க. நல்லானவங்ககிட்ட ரெண்டு விஷயம் தனியா தெரிஞ்சுது. ஒண்ணு, சரியாகும்னு எதிர்பாத்தாங்க. இன்னொண்ணு, வலி இருந்தாலும் என் வேலைய என்னால செய்ய முடியும்ங்கிற தைரியம். ஆரம்பத்துல வலி ரொம்ப அதிகமா இருந்தும் இந்தத் தைரியம் இருந்தவங்க, வலி கம்மியா இருந்து தைரியம் இல்லாதவங்களுக்கு ஈடாவோ அதவிட மேலயோ போயிருக்காங்க.

இந்தத் தைரியம் வாயால சொல்லி வராது, செஞ்சு பாத்துத்தான் வரும். முடியாதுன்னு விட்டுட்ட ஒரே ஒரு வேலைய எடுத்துக்கோங்க, கோலம் போடுறதோ, மாவு டப்பாவ எறக்குறதோ, பேரப்புள்ளைய தூக்குறதோ. என்ன ஆகும்னு பயப்படுறீங்கன்னு முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க, சின்ன அளவுல செஞ்சு பாருங்க, நெஜமா என்ன ஆச்சுன்னு பக்கத்துலயே எழுதுங்க. பயந்தது நடக்கலன்னு உங்க கையெழுத்துலயே இருக்கும், நான் பத்து தடவ சொல்றத விட அது பெருசு.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணு இருக்கு, வலிய பூதமாக்கிக்கிறது. 1995ல சல்லிவன்ங்கிறவர் இத அளக்க 13 கேள்வி உள்ள ஒரு படிவம் பண்ணினார், மூணு குணத்தத் தேடுது அது, வலியவே நினைச்சுட்டிருக்கிறது, பெருசா ஏதோ ஆகப்போவுதுன்னு நினைக்கிறது, என்னால எதுவும் செய்ய முடியாதுன்னு கை விரிக்கிறது. இது அவங்க குணக்கேடு இல்ல. தூங்காம ரெண்டு மாசம் இருந்து, மூணு டாக்டர் அந்த வலிக்கு மூணு விதமா பேர் வச்சா யாரா இருந்தாலும் அங்கதான் போய் நிப்பாங்க.

தினமும் பிசியோவுக்கு வந்தே ஆகணுமா?

என் பொழப்புல நானே மண்ணப் போட்டுக்குறேன். 2021ல இங்கிலாந்து ஆய்வு ஒண்ணு, 708 பேர். ஒரு பகுதிக்கு பல தடவ வரச் சொல்லி படிப்படியா எக்சர்சைஸ், இன்னொரு பகுதிக்கு ஒரே ஒரு தடவ நல்லா ஒக்காந்து பேசி, வீட்ல செய்ய வேண்டியத சொல்லிக் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு வருஷத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் முன்னேற்றம். கரண்ட் மிஷின் வச்சாத்தான் வைத்தியம்னு நினைக்கிறவங்களுக்கு இது ஏமாத்தமா இருக்கும், ஆனா பஸ் காசும் வேலை நாளும் மிச்சம். பயம் ரொம்ப அதிகமா இருக்கிறவங்களுக்கு மட்டும் நாலஞ்சு தடவ வரச் சொல்வேன், கூட ஒருத்தர் நின்னா செய்வாங்கங்கிறதுக்காக.

நான் போட்டுக்குப் போறவன். மீன்பிடி தடைக்காலத்துல ரெண்டு மாசம் ஓய்வு எடுத்தா சரியாயிடும்ல?

தேவனாம்பட்டினம், துறைமுகம் பக்கத்து அண்ணனுங்க எல்லாரும் கேக்குறது இது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதுக்குள்ள தோள் ஆறிடும்னு கணக்கு. வலி கொறையும்தான், கூடவே பலமும் கொறையும். தடை முடிஞ்ச அன்னைக்கே முழு வேகத்துல வலை இழுத்தா அந்த வாரமே வலி திரும்பி வரும், வந்ததும் "ரெண்டு மாசம் ஓய்வு குடுத்தும் ஆறல, அப்போ உள்ள பெரிய சேதம்"னு முடிவு கட்டிடுறாங்க. சேதம் எதுவும் புதுசா ஆகல, பழக்கம் விட்ட தோளுக்கு ஒரே நாள்ல முழு வேலை குடுத்ததுதான். மே மாசத்துலயே கயிறு கட்டி இழுக்கிறது, தண்ணி கேன் தூக்கறதுன்னு ஏத்திக்கிட்டே வாங்க, வலை பின்றப்பவும் நடுநடுவுல எந்திரிச்சு கைய மேல தூக்கி எறக்குங்க.

வீட்ல இருக்கிறவங்க என்ன பண்ணணும்?

பாசத்துல எல்லா வேலையையும் புடுங்கிக்காதீங்க. "நீ வை, நான் பாத்துக்குறேன்"னு நாளுக்கு நாலு தடவ சொன்னா, நீ ஒடைஞ்சு போயிருக்கேன்னு நாலு தடவ சொன்ன மாதிரி. அதுக்காக "எல்லாம் சும்மா"ன்னு திட்டவும் கூடாது. எத செய்யறது, எத விடுறதுன்னு அவங்கள முடிவு பண்ண விடுங்க. முக்கியமா பக்கத்து வீட்டுக்காரர் கை எப்படி விளங்காம போச்சுங்கிற கதைய ராத்திரி சாப்பாட்டு நேரத்துல சொல்லாதீங்க, அந்தக் கதைய எல்லா வீட்லயும் யாரோ ஒருத்தர் சொல்றாங்க.

ராத்திரி தூக்கமே இல்ல.

வலிக்கிற பக்கம் மேல இருக்கிற மாதிரி ஒருக்களிச்சு, முன்னாடி ஒரு தலைகாணிய அணைச்சு அதுமேல கைய வச்சுக்கோங்க. தூக்கம் கெட்டா மறுநாள் வலி கூடத்தான் தெரியும், அத தோள் மோசமானதா எடுத்துக்காதீங்க. வாரக்கணக்கா தூங்கலன்னா டாக்டர்கிட்ட அத தனியா சொல்லுங்க, பல பேர் வலிய மட்டும் சொல்லிட்டு வந்துடுறாங்க.

எங்க போய் காட்டுறது, என்ன கேக்குறது?

கடலூர்காரங்களுக்கு மஞ்சக்குப்பத்துல அரசு தலைமை மருத்துவமனை, பாண்டி பக்கம்னா கோரிமேடு ஜிப்மர், கூட்டம் இருக்கும், காலைல சீக்கிரம் போங்க. டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: என் வயசுல வலி இல்லாதவங்களுக்கும் இந்த ரிப்போர்ட் வருமா, நான் எதெல்லாம் தாராளமா செய்யலாம், எத்தனை நாள் பாத்துட்டு அடுத்த முடிவு எடுக்கணும். "என்ன செய்யக் கூடாது"ன்னு மட்டும் கேட்டா பெரிய லிஸ்ட் ஒண்ணு கையில வாங்கிட்டு வருவீங்க.

டூ வீலர் ஓட்டலாமா? பஸ்ல மேல் கம்பி பிடிக்கலாமா?

ஹேண்டில திடீர்னு திருப்பவும் பிரேக் பிடிக்கவும் கை கேட்டா ஓட்டலாம், தெருவுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் மெயின் ரோடு. பஸ் கம்பி நல்ல எக்சர்சைஸ்தான். முதல்ல சீட்டோட முதுகுக் கம்பிய பிடிங்க, தோதான நாள்ல மேல் கம்பி, ரெட்டிச்சாவடி வர்றதுக்குள்ள கடுக்குதுன்னா கைய மாத்திக்கோங்க. சீட் கெடைச்சா ஒக்காருங்க, அதுக்கெல்லாம் கணக்கு பாக்காதீங்க.